சனிக்கிழமை டத்துக்

பூஸ்தாமி என் மனைவிக்கு அண்ணன். ஆகவே அவரைப் பற்றி நான் பேசக்கூடாது. எங்கள் மினாங் இனத்து வழக்கம் அப்படி. வீடும் வயலும் பெண்களுடையவை. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். வெளியூர்களில் எவனோ ஒருவனைப் பார்த்து வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரிப்பார்களாம். எங்கள் பத்து பாலாய் ஊரில் அத்தனை பேரும் வீட்டோடு மாப்பிள்ளைதான், சிரிக்க ஆள் கிடைக்காது. பெண் வீட்டில் அவனுக்குச் சோறு உண்டு, பாய் உண்டு, வாய் மட்டும் கிடையாது. குல விஷயம் பேச்சில் வந்தால் எழுந்து போய் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும். நானும் மினிபஸ் ஓட்டிய நேரம் போக முப்பது வருஷமாகத் தழை ஒடித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பவன் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவரை நேரில் பார்த்தால் பெரிய மனிதர் என்றுதான் நினைப்பீர்கள். நல்ல உயரம், சாயம் பூசிய முடி, மேடையில் தொண்டையைச் செருமினால் கூட்டம் அடங்கும். உள்ளே சரக்கு எவ்வளவு என்பது எங்களுக்குத்தான் தெரியும். பாடாங் நகரத்துக்கு விவசாயம் படிக்கப் போனார், நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் திரும்பினார். மீன்வளத் துறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், அதைத் தேய்த்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் வட்டார அருங்காட்சியகம் என்று ஒன்றைக் கட்டினார்கள். கொம்புக் கூரை வைத்த பழைய பெருவீடுகள் இருக்கின்றன அல்லவா, அதே வடிவில் சிமெண்டால் ஒரு வீடு. அதற்குத் தலைவராக வர மாவட்டத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பூஸ்தாமி ஒப்புக்கொண்டார்.

அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். பித்தளை வெற்றிலைப் பெட்டிகள், கல்யாண நகைகள், ஒரு தறி, பஞ்சு அடைத்த இரட்டைத் தலை எருமைக் கன்று. வருகிறவர்கள் கன்றைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் பூஸ்தாமி அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து மரபு என்ற சொல் வராமல் அவர் தும்மியதுகூட இல்லை. தம்பி பையனுக்குச் சுன்னத் விருந்து என்றால் அங்கேயும் மரபு, சாலையில் குழி என்றால் அதிலும் மரபு அழிகிறது. காப்பிக் கடையில் அவர் தலை தெரிந்தால் டொமினோ ஆடுகிறவர்கள் காய்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனம் யோக்கியம் இல்லை. அந்தப் பித்தளைச் சாமான்களெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போயிருக்கும். மாடியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், கண்ணாடிக்குள் போன பிறகு போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இது பூஸ்தாமியால் நடந்ததுதான். அதற்கு மேல் அவர் கணக்கில் நான் எதுவும் சேர்க்க மாட்டேன்.

இனி கிரிஸ் கதைக்கு வருகிறேன். வளைந்து வளைந்து போகும் அலகு கொண்ட அந்தக் குறுவாள் என் மனைவி வீட்டு டத்துக் பட்டத்துக்கு உரியது. டத்துக் என்றால் குலத்தலைவர். பட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு வரும், அதுவும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சரி என்று சொன்னால்தான். ஒரே குரல் வராவிட்டால் பட்டத்தைத் துணி மாதிரி மடித்து வைத்துவிடுவோம். என் மனைவி குஸ்னிடாரின் தாய்மாமன், டத்துக் ராஜோ மாலின், இறந்தபோது அப்படித்தான் ஆயிற்று. பூஸ்தாமி தானே அடுத்தவர் என்று மார்பை நிமிர்த்தி நின்றார். பெண்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் மனதில் இருந்தவர் பூஸ்தாமியின் கடைசித் தம்பி எரிசோன். அரிசி ஆலை வைத்திருக்கிறார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். பூஸ்தாமியோ மூத்தவன் நான் இருக்கும்போது அவனா என்று குறுக்கே விழுந்தார். பட்டம் மடிந்தது, கிரிஸ் பரணில் நெற்கூடைக்குப் பின்னால் போயிற்று.

டத்துக் இல்லாத வீட்டுக்கு ஊர்ச்சபையில் உட்கார இடம் கிடையாது. பக்கத்து வயல்காரன் வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டினாலும் எழுந்து கேட்க ஆள் இல்லை. குஸ்னிடார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் பெண்களையெல்லாம் கூட்டி, எரிசோனுக்குப் பட்டம் ஏற்றுவது என்று பேசி முடித்தாள். அந்தச் செய்தி எப்படியோ பூஸ்தாமி காதுக்குப் போயிற்று. மறுநாளே பழங்களோடு வந்து நின்றார்.

"விசேஷம் வருதுன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். கிரிஸு துருப்பிடிச்சுக் கிடக்குமே குஸ். எங்கிட்டக் குடு, மருந்து போட்டுச் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார்.

கூடப்பிறந்த அண்ணன். கொடுத்தாள். நான் தழை ஒடிக்கப் போயிருந்தேன்.

மாதங்கள் போயின, கிரிஸ் வரவில்லை. ஒருநாள் அவளை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். நட்ட நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் மேல் கிரிஸ், தலைக்கு மேல் ஒரு விளக்கு. கீழே பித்தளைத் தகட்டில், ‘பூஸ்தாமியின் அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் ஓர் ஆண் தன் அம்மா வீட்டிலிருந்து ஓர் அகப்பையைக்கூட அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

"அண்ணே, சுத்தம் பண்ணித் தர்றேன்னு சொன்னீங்களே?"

"பண்ணியாச்சே. பாரு, எப்படி மின்னுது."

"வீட்டுக்கு எப்ப வரும்?"

"அரசாங்கச் சொத்தாப் பதிவாயிடுச்சு குஸ். இனிமே அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. மக்களோடது."

"அந்த மக்கள் வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க. நானே போய்க் கேட்டுக்கறேன்."

பூஸ்தாமி சிரித்தார். பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர்களிடம், என் தங்கை, வெகுளி என்று அறிமுகப்படுத்தினார். திரும்பி வரும்போது வண்டியில் குஸ்னிடார் அழுதாள். கிரிஸ் வீட்டுக்கு வராமல் எரிசோனுக்குப் பட்டம் ஏற்ற முடியாது. தனக்குக் கிடைக்காத பட்டம் வேறு எவனுக்கும் கிடைக்கக்கூடாது என்று அதைக் கண்ணாடிக்குள் பூட்டி, அதற்கு மரபைக் காப்பது என்று பெயரும் வைத்துவிட்டார். எனக்கு அவரை அப்போதே அறைய வேண்டும் போல இருந்தது. மாப்பிள்ளைக்குக் கையும் கிடையாது.

பூட்டியதோடு விட்டாரா? உயிருள்ள அருங்காட்சியகம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் பட்டம் ஏற்றும் சடங்கை நடித்துக் காட்டுவது. டத்துக்காக நடிப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு உடுப்பு, மடிப்புத் தலைப்பாகை, தொந்தி மேல் சாய்த்துச் செருகிய எங்கள் கிரிஸ். பெட்டியைத் திறந்து எடுப்பார், கூத்து முடிந்ததும் திரும்ப வைப்பார். சுற்றி உட்காரும் குலத்தலைவர்கள் கூலிக்கு வந்த பஸ் நிலையத்துப் பையன்கள். எதிரும் புதிருமாகச் சொல்ல வேண்டிய சடங்கு வசனத்தைத் தாளைப் பார்த்து வாசிப்பார், அதிலும் வரி தவறும். காப்பிக் கடையில் அவருக்குச் சனிக்கிழமை டத்துக் என்று பெயர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எவனாவது, "டத்துக், இன்னிக்கு லீவா?" என்பான். அதையும் மரியாதை என்று நினைத்துத் தலையசைப்பார்.

அந்த வருஷம் ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. பூஸ்தாமி மூளை இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர். அன்று மட்டும் அது வேலை செய்தது. கூலிப் பையன்களை நிறுத்தினார். ஊர்ச்சபையின் உண்மையான டத்துக்குகளையே நடிக்க அழைத்தார். நடிப்பு என்றதும் முகம் சுளித்தவர்கள், எருமை விருந்து உண்டு என்றதும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் எருமை அறுபட்டு விழுந்தது. இத்தனை நாள் ஏதோ ஒரு கற்பனைப் பட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று அறிவிப்பவனைக் கொண்டு டத்துக் ராஜோ மாலின் என்று கூவச் செய்தார். தலைக்கு மேல் பிடித்த குர்ஆனுக்குக் கீழே நின்று சத்தியமும் செய்தார். குலச் சொத்தைக் காப்பேன், தவறினால் மேலே தளிரும் இல்லாமல் கீழே வேரும் இல்லாமல் போவேன் என்ற அதே பழைய சத்தியம். அதிகாரி கைதட்டினார். மாவட்டத் தலைநகரத்து ஹோட்டல்காரர்கள் தகர டப்பாக்களில் ரெண்டாங் கொண்டுவந்து பரிமாறினார்கள். இறைச்சி வேகவில்லை, தேங்காய்ப்பாலில் தண்ணீர். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காப்பிக் கடையில் மேசையைத் தட்டிச் சொன்னார். "எருமை விழுந்துச்சு. பட்டத்தைச் சொல்லிக் கூவியாச்சு. சத்தியம் பண்ணியாச்சு. சபை உக்காந்து தின்னாச்சு. இதுக்கு மேல என்னய்யா வேணும்? நாந்தான் டத்துக் ராஜோ மாலின்."

தின்றவர்கள் டொமினோ காய்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள். ஊர்ச்சபை மூத்தவர் டத்துக் பண்டாரோ இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சபையைக் கூட்டினார். அவரும் அன்றைக்கு மூன்றாவது முறை சோறு கேட்டு வாங்கியவர்தான்.

சபை மண்டபத்துக்குள் மாப்பிள்ளைகளுக்கு இடம் இல்லை. நானும் என்னைப் போன்ற இன்னும் சிலரும் ஜன்னலுக்கு வெளியே குந்தியிருந்தோம். பூஸ்தாமி நன்றாகத்தான் பேசினார். அதுதான் அவருக்கு வரும். பேசி முடித்ததும் குஸ்னிடார் எழுந்தாள். குரல் மிகவும் தாழ்ந்து இருந்தது.

"பெரியவரே, டத்துக்கோட கிரிஸு எங்க இருக்கணும்?"

"பட்டம் உள்ள வீட்டுல. பொம்பளைங்க காவல்ல" என்றார் டத்துக் பண்டாரோ.

"குலச் சொத்தைக் காப்பேங்கற சத்தியத்துல அதுவும் அடக்கமா?"

"அதுதானே முதல்ல."

"அண்ணன் அந்தச் சத்தியத்தைச் சொன்னாரா?"

"சொன்னாரு. எல்லாரும் கேட்டோம்."

குஸ்னிடார் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நடந்தது கூத்துன்னா கிரிஸு கண்ணாடிக்குள்ளயே இருக்கட்டும், நாங்க வீட்டுக்குப் போறோம். நெசம்னா அது வீட்டுக்கு வரணும். டத்துக்கோட கிரிஸு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருந்தா ஊரு சிரிக்கும்."

பூஸ்தாமியின் சாயம் பூசிய முடியிலிருந்து வியர்வை கறுப்பாக இறங்கியது. பதிவான பொருளை வெளியே எடுத்தால் வேலைக்கு ஆபத்து, அது அவருக்குத் தெரியும். கூத்து என்று சொன்னால் வேலை இருக்கும், பட்டம் போகும். ஜன்னலுக்கு வெளியே என் பக்கத்தில் இருந்தவன், வேலையைத்தான் பிடிச்சுப்பான் பார் என்றான். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னை டத்துக் என்று கூப்பிட ஆள் கிடைத்தால் அந்த மனிதர் கிணற்றிலும் குதிப்பார்.

"நெசம்தான்" என்றார் பூஸ்தாமி.

வீட்டுக்கு வந்த பிறகு நான் கொதித்தேன். "என்ன காரியம் பண்ணின? எரிசோனுக்கு வர வேண்டியதை இவருக்குத் தூக்கிக் குடுத்துட்டியே" என்றேன்.

"நீங்க போய் ஆட்டைப் பாருங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கிரிஸ் வந்தது. முன்னால் மேளம், பின்னால் சபை, நடுவில் கறுப்பு உடுப்பில் பூஸ்தாமி. காவலாளியிடம் நானே அதிகாரி என்று சொல்லித் தன் கையாலேயே பெட்டியைத் திறந்து எடுத்து வந்திருந்தார். வாசலில் அதை இரண்டு கையாலும் தங்கையிடம் கொடுத்தார். குஸ்னிடார் உறையிலிருந்து உருவிப் பார்த்தாள். அலகு வளைவுக்கு வளைவு பளபளத்தது. பரணில் கிடந்தபோது அது வெறும் துரு. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

பூஸ்தாமி அதற்குள் கூடத்தில் டத்துக் உட்காரும் தூணடியில் சாய்ந்து உட்கார்ந்து, காப்பி வரட்டும் என்பது போல எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஒரு சந்தேகம் விட்டுப்போச்சு" என்றாள் குஸ்னிடார். "பட்டம் ஏத்தற விருந்தை எந்த அடுப்புல சமைக்கணும்?"

டத்துக் பண்டாரோ அவளைப் பார்த்தார், தூணடியைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த வீட்டுப் பொம்பளைங்க அடுப்புலதான். அது எரிஞ்சாத்தான் அவங்க சரின்னு சொன்னதா அர்த்தம்."

"எங்க அடுப்பு எரிஞ்சுதா?"

"இல்லம்மா. ஹோட்டல்காரன் சமைச்சான்."

"அப்ப அன்னிக்கு நடந்ததுக்கு என்ன பேரு?"

"கூத்து" என்றார் அவர். பிறகு பூஸ்தாமி பக்கம் திரும்பினார். "அருங்காட்சியகத்துல சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்துலயே பெருசா எழுதி வச்சிருக்கீங்களேய்யா, பெண்கள் அடுப்பு எரியாமல் பட்டம் ஏறாதுன்னு. என் பேரன் பள்ளிக்கூடத்துல அதைத்தான் ஒப்பிச்சான். எழுதினது நீங்கதானே, பூஸ்தாமி?"

பெரியவர் வாயில் டத்துக் போய்ப் பூஸ்தாமி வந்துவிட்டது. எங்கள் வழக்கங்களை ஊருக்கெல்லாம் எழுதி மாட்டியவர், அவை பார்வையாளர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு மிகவும் நன்றாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

"இதை நீ சபையிலயே சொல்லியிருக்கலாமே குஸ்" என்றார் மெதுவாக.

"சொல்லியிருந்தா கிரிஸு வந்திருக்குமா, அண்ணே?"

அந்தப் பருவ அறுவடை முடிந்ததும் எங்கள் முற்றத்தில் எருமை விழுந்தது, எங்கள் அடுப்பு எரிந்தது, எரிசோன் டத்துக் ராஜோ மாலின் ஆனார். சத்தியம் செய்ததைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அதிகாரிகள் வந்து கிரிஸைக் கேட்டார்கள். ஊர்ச்சபை மொத்தமும் வாசலில் வந்து நின்றது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், காப்பியும் தருகிறோம் என்றாள் குஸ்னிடார். அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் புகைப்படத்தை வைத்துவிட்டார்கள். கன்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும். ஆனால் பதிவான பொருளை வெளியே எடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவரை விடவில்லை. பூஸ்தாமியின் வேலை போயிற்று.

அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். அருங்காட்சியகத் தலைவர் என்றால் அந்த வீட்டில் மீனில் நடுத்துண்டு விழும். வேலையும் இல்லை, பட்டமும் இல்லை, ஊர் வேறு சிரிக்கிறது என்றால் எந்தப் பெண் வீடு வைத்துக்கொள்ளும்? சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவர் வெளியே போய்விட்டு வந்தபோது அவருடைய பை படிக்கட்டில் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

பையைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் மழையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பிறந்த வீடு. ஆனால் அறைகள் எல்லாம் மகள்களுக்கு. மீசை முளைத்த பையன்கள் தொழுகைக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டும், வளர்ந்த ஆணுக்குத் தாய் வீட்டில் அறை கிடையாது. டத்துக்காக இருந்தால் தூணடியாவது உண்டு. நான் என் பாயில் உட்கார்ந்து வண்டியின் விசிறிப் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. இருந்தாலும் அவர் என் பாயைப் பார்த்தபோது நான் பட்டையைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

குஸ்னிடார் ஓடிவந்து துண்டு கொடுத்தாள். தட்டு வைத்தாள், சுடச்சுடச் சோறு போட்டாள், மீனில் நடுத்துண்டை எடுத்து அவருக்கு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, வரிசையாக மூடியிருந்த அறைக் கதவுகளைப் பார்த்தார்.

"குஸ்" என்றார். "இந்த மழையில..."

"மெதுவாச் சாப்பிடுங்கண்ணே, அவசரமில்ல" என்றாள் அவள், இன்னொரு கரண்டி சோறு போட்டபடி. "மழை விட்டதும் கிளம்பலாம்."